மூக்கில் இருபது கிராம்

தராசு என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. அதை யாரும் போய்த் தொந்தரவு செய்வதில்லை. நெடுஞ்சாலை ஊருக்குள் திரும்பும் முனையில், சிமெண்ட் ஆலைக்கு எதிரே இருக்கும் எடைமேடையில் இருபத்தேழு வருடங்களாக அவர்தான் லாரிகளுக்கு எடை போடுகிறார். வெறுமையாக ஏறும்போது ஓர் எண். சரக்கோடு ஏறும்போது ஓர் எண். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து வரும் மூன்றாவது எண்ணைச் சீட்டில் அடித்து, ஜன்னல் கண்ணாடியின் கீழுள்ள சந்து வழியாக நீட்டுவார். உலகத்தில் உண்மை என்று ஒன்று இருந்தால் அது அந்தச் சந்து வழியாகத்தான் வெளியே வருகிறது என்பது அவருடைய தாழ்மையான அபிப்பிராயம்.

அவரை ஏமாற்ற முயன்றவர்களின் வரலாறு பெரிது. ஈர மணல், இருக்கைக்கு அடியில் இரும்புப் பலகை, தேவையே இல்லாமல் விளிம்பு வரை நிரப்பிய தண்ணீர்த் தொட்டி என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். ஒருமுறை தார்ப்பாயின் கீழ் இரண்டு ஒன்றுவிட்ட சகோதரர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார்கள். மூச்சைப் பிடித்தால் ஆள் மறையலாம், எடை மறையுமா? தராசு சிவப்பு எண்களைப் பார்த்தார். தார்ப்பாயைப் பார்த்தார். "ரெண்டு பேரும் இறங்குங்க. குண்டா இருக்கறவர் முதல்ல" என்றார். அன்று முதல் லாரிக்காரர்கள் அவரிடம் பொய் சொல்வதை விட்டுவிட்டு வேறு எடைமேடைகளில் போய்ச் சொல்லி வருகிறார்கள்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரே ஒரு பலவீனம். பிளாஸ்டிக் விமானம்.

பறக்கிற பொம்மை அல்ல. அட்டைப் பெட்டிக்குள் சாம்பல் நிறச் சட்டங்களில் இறக்கை, வால், சக்கரம், இருக்கை எல்லாம் காய்த்துத் தொங்கும். ஒவ்வொன்றாக வெட்டி, தேய்த்து, ஒட்டி, வர்ணம் பூசினால் பழைய போர்க்காலத்து விமானம் ஒன்று, அசலில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவில், மேஜைமேல் நிற்கும். நிற்க வேண்டும். தராசின் வீட்டுப் பின்னறையில் அப்படிப் பத்தொன்பது பெட்டிகள் இருந்தன. அவற்றிலிருந்து இதுவரை மேஜைமேல் வந்து நின்ற விமானங்களின் எண்ணிக்கை பூஜ்யம்.

சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. அவர் ஒவ்வொரு விமானத்தையும் உள்ளிருந்து தொடங்குவார். தரை, இருக்கை, ஓட்டுகிறவர் பிடிக்கும் வளையம், அதற்கு முன்னால் ஊசிமுனையால் புள்ளி வைத்த கடிகாரங்கள். அது முடிந்ததும் தாமே உள்ளே ஏறிவிடுவார். எழுபத்திரண்டில் ஒரு பங்காகத் தம் உயரம் இரண்டேகால் சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். அந்த உயரத்துக்கு இருக்கை கச்சிதமாக இருந்தது. ஏறி உட்கார்ந்த பிறகு இறங்கி வந்து இறக்கை ஒட்டுவது யார்? அப்படியே மாதங்கள் ஓடும். பிறகு வேறொரு பெட்டி வரும்.

அவர் மனைவி திரைச்சீலை தைப்பவர். மருத்துவமனை, வங்கி, விடுதி என்று ஊரில் எங்கே ஜன்னல் மறைந்திருந்தாலும் அது அவர் கைவேலை. தையல் மெஷின் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே வழியை அடைத்துக்கொண்டு நின்றது. பின்னறையை அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. "எனக்கு நாலு மீட்டர் துணிய விரிக்கணும். அங்க அவர் இரண்டேகால் சென்டிமீட்டர்ல உக்காந்திருப்பாரு, மிதிச்சிட்டா?" என்று துணி வாங்க வருகிறவர்களிடம் விளக்குவார்.

குடும்பத்தில் மூன்றாவது முக்கியஸ்தர் அந்த அம்மாளின் அண்ணன். ஓய்வு பெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். விசில் என்று பெயர். முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளை நேராக நிற்க வைத்தவர். ஓய்வு பெற்றபின் கிடைத்ததையெல்லாம் நேராக நிற்க வைத்தார். மகன் வீட்டில் காலை ஐந்தரைக்கு ஊதிய விசில் ஒன்றால் மருமகளோடு கருத்து வேறுபாடு வந்துவிட்டது. முன்பும் ஒரு தடவை இப்படி வந்தது. அப்போது "ரெண்டு மாசம்" என்று தங்கை வீட்டுப் பின்னறைக்கு வந்தவர், பதினான்கு மாதம் கழித்து, "ரெண்டு மாசம்னு சொன்னேன், கொஞ்சம் முன்னபின்ன ஆயிடுச்சு" என்று சொல்லிக் கிளம்பினார். அந்தப் பதினான்கு மாதமும் பத்தொன்பது பெட்டிகள் பரணில் இருந்தன. வீட்டில் இருந்த மூன்று பேரும் ஐந்தரை மணிக்கு விறைப்பாக நின்றார்கள்; மூன்றாவது, பக்கத்து வீட்டுப் பூனை.

இந்தத் தடவை அவர் போன் செய்து, அந்தப் பின்னறை சும்மாதானே கிடக்கிறது என்று கேட்டார். சும்மா இல்லை, அதில் இவர் விமானம் கட்டுகிறார் என்றார் வீட்டம்மாள். மறுமுனையில் ஒரு நீண்ட சிரிப்பு கேட்டது.

"தங்கச்சி, உன் வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருஷமா கட்றாரு. ஒண்ணே ஒண்ணு, முழுசா முடிச்சு, முட்டுக் கொடுக்காம சொந்தக் கால்ல நிக்கட்டும். நான் என் கண்ணால பாத்துட்டா, ரெண்டு நாள் கூடத்துல படுத்துட்டுக் கிளம்பிடறேன். நிக்கலைன்னா அந்த ரூம் எனக்கு."

"சரிண்ணே" என்றார் தங்கை, யோசிக்காமல். கூடப் பிறந்த அண்ணனை வராதே என்று எந்தத் தங்கையும் சொல்ல முடியாது. ஆனால் அவர் தம் வாயாலேயே ஒரு வழி சொன்னால் அதைப் பிடித்துக்கொள்ளலாம். ஐந்து வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலை என்று நாள் குறிக்கப்பட்டது.

தராசு பத்தொன்பதில் மிகப் பெரியதை எடுத்தார். இரண்டு எஞ்சின் வைத்த குண்டுவீச்சு விமானம். மூக்கு முழுவதும் கண்ணாடி. உள்ளே ஆறு பேருக்கு இடம். மூக்கின் கீழ் ஒரு சக்கரம், இறக்கைகளின் கீழ் இரண்டு. குண்டுகள் ஒரு தனிச் சட்டத்தில் வரிசையாக இருந்தன. அவற்றை அவர் வெட்டவே இல்லை. அது சரக்கு, சரக்கு ஏற்றுவது எடைமேடைக்காரன் வேலை அல்ல என்று பெட்டியிலேயே போட்டு மூடினார். சரித்திரத்தில் ஒரு குண்டுவீச்சு விமானம் இவ்வளவு எளிதாக நிராயுதபாணியானதில்லை.

ஐந்து வாரமும் அவர் நடந்து போனாரா, மிதந்து போனாரா என்று சொல்வது கஷ்டம். காலையில் சட்டங்களை நகவெட்டியால் நறுக்கினார். உடலின் இரண்டு பாதிகளை ஒட்டி, துணிக் கிளிப்புகளால் கவ்வவிட்டு, காய வைத்தார். விமானம் கொடியில் உலர்த்திய சட்டை மாதிரி கிடந்தது. மூக்குக் கண்ணாடியை ஒட்டும்போது கைப்பெருவிரலில் பசை இருந்ததைக் கவனிக்கவில்லை. ரேகை அப்படியே பதிந்துவிட்டது. துடைத்தால் இன்னும் மங்கும் என்று விட்டுவிட்டார். இனி அந்த விமானத்திலிருந்து கீழே பார்க்கிறவனுக்கு வயல், ஆறு, ஊர் எல்லாமே சுழிசுழியாகத் தெரியும். எந்த ஊரை நோக்கியும் குறி வைக்க முடியாது. அதுவும் நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டார்.

மதியம் வேலைக்குப் போவார். இரண்டு மணிக்கு மேல் கொஞ்ச நேரம் எடைமேடையில் லாரி வராது. சிமெண்ட் தூசி வெயிலில் தொங்கும், நகராது. சிவப்பு எண்கள் பூஜ்யத்தில் நின்று மெல்ல நடுங்கும். அந்த நேரத்தில்தான் விமானம் வந்தது. சத்தமில்லாமல், நெடுஞ்சாலையில் தாழ்வாக, ஒரு தும்பி தண்ணீரைத் தொடுவதுபோல வந்து மேடைமேல் ஏறி நின்றது. கனவில் யார் சிறுத்தார்கள், யார் பெருத்தார்கள் என்று அவர் விசாரிப்பதில்லை. ஜன்னலைத் திறந்து, விதிப்படி, ஓட்டுகிறவர் இறங்க வேண்டும் என்றார். வெற்று வண்டியா, சரக்கா என்றும் கேட்டார்.

ஓட்டுகிறவர் தலையை நீட்டி, "வெறும் வண்டிதாண்ணே. இன்னும் யாரும் ஏறல" என்றார். எண்கள் பூஜ்யத்திலேயே இருந்தன. அந்த மேடைக்குப் பத்துப் பத்துக் கிலோவாகத்தான் எண்ணத் தெரியும். அதற்குக் கீழே உள்ளதெல்லாம் அதன் கணக்கில் காற்று. தராசு பூஜ்யம் என்று சீட்டடித்துக் கொடுத்தார். விமானம் நன்றி சொல்லிப் போனது.

இவ்வளவு தூரம் எல்லாம் சரியாக நடந்த கதையில் ஒரே ஒரு இடத்தில்தான் பிழை நடந்தது. அதைப் பிழை என்று அவர் நினைக்கவில்லை; கொள்கை என்று நினைத்தார். பெரும்பாலான பிழைகள் அப்படித்தான் வீட்டுக்குள் நுழைகின்றன.

உடலின் இரண்டு பாதிகளையும் மூடுவதற்கு முன்பு, செய்முறைத் தாளில் ஆறாவது படி ஒன்று இருந்தது. மூக்குப் பகுதியின் படம். அதற்குள் ஓர் அம்புக்குறி. பக்கத்தில் ஒரு கறுப்புக் குண்டு, 'இருபது கிராம்' என்று எழுதியிருந்தது. பாரம் ஒன்றை உள்ளே வைத்து, வெளியே தெரியாமல் மூடிவிடு என்று அர்த்தம். தராசு அந்தத் தாளை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் இரண்டு தடவை பார்த்தார். முகம் சிவந்தது. இருபத்தேழு வருடம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு யாரைப் பிடித்தாரோ, அவனே அச்சடித்து வீட்டுக்கே அனுப்பியிருக்கிறான்.

மனைவி துணி மடித்துக்கொண்டே எட்டிப் பார்த்து, என்ன விஷயம் என்று கேட்டார். வண்டிக்குள் பாரத்தை ஒளித்து வைக்கச் சொல்கிறார்கள் என்றார் இவர், குரலைத் தாழ்த்தி.

"சொன்னா வெச்சிட்டுப் போங்களேன். நான் திரைச்சீலை அடியில ஈயத்துண்டு வெச்சுத் தைக்கிறேன்ல? அது இல்லன்னா காத்துல கால தூக்கிட்டு நிக்கும். அதென்ன திருட்டா?"

"திரைச்சீலைய யாரும் எடை போடறதில்ல."

"ஏரோப்ளேன யாரு போடப் போறா?"

"நான் போடுவேன்" என்றார் தராசு. அந்த வீட்டில் அதற்குமேல் அப்பீல் கிடையாது. ஆறாவது படியின்மேல் சிவப்புப் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டார். அதோடு விடவில்லை. அலுவலகப் பையிலிருந்து 'நிராகரிக்கப்பட்டது' என்ற ரப்பர் முத்திரையை எடுத்து ஓங்கி ஒரு குத்து. மூக்கு காலியாகவே மூடப்பட்டது.

சனிக்கிழமை காலை வேலை முடிந்தது. சாம்பல் வர்ணம், அடிவயிற்றில் வெளிர் நீலம், தண்ணீரில் ஊறவைத்து ஒட்டிய எண்கள். கடைசியாக ஒட்டிய மூன்று கால்களும் காய்ந்திருந்தன. சமையலறைத் தராசில் வைத்தார்: நூற்றுப் பதினெட்டு கிராம். பெட்டி மூடியில் 'வெற்று எடை 118' என்று எழுதினார். பிறகு, இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக, முழு விமானம் ஒன்றைச் சாப்பாட்டு மேஜைமேல் இறக்கிவிட்டுக் கையை எடுத்தார்.

முன்சக்கரம் ஒரு கணம் யோசித்தது. பிறகு மெல்ல மேலே போனது. வால் மேஜையில் இடித்தது. குண்டுவீச்சு விமானம் மூக்கை வானத்தில் தூக்கிக்கொண்டு, பின்னங்காலில் உட்கார்ந்து பிஸ்கட் கேட்கும் நாய்க்குட்டி மாதிரி அவரைப் பார்த்தது.

கையால் அமுக்கினார், நின்றது. கையை எடுத்தார், உட்கார்ந்தது. மேஜையை வேறு பக்கமாகத் திருப்பிப் போட்டார், வீட்டின் தரை சாய்வோ என்று. உட்கார்ந்தது. வாலுக்குக் கீழே ஒரு தீக்குச்சி வைத்தால் போதும், ஆனால் முட்டுக் கொடுக்காமல் என்பது மச்சான் போட்ட முதல் நிபந்தனை. மனைவி வந்து பார்த்தார். 'நான் சொன்னேனே' என்ற வாக்கியம் அவர் உதட்டு நுனி வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போனது; அதை மெச்சத்தான் வேண்டும்.

"அண்ணன் நாளைக்குக் காலைல எட்டு மணி பஸ்ல வர்றாரு. மடக்குக் கட்டிலும் கொண்டு வர்றாராம்" என்று மட்டும் சொன்னார்.

தராசு சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். பின்னறையில் கட்டில் விரிவதும், பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பரணுக்கு ஏறுவதும் வழியெல்லாம் தெரிந்தது. இரண்டு மணி ஆனது. தூசி வெயிலில் நின்றது. விமானம் வந்தது, ஆனால் இந்தத் தடவை வாலைத் தேய்த்துக்கொண்டு, மூக்கு மேகத்தில் இருக்க. ஓட்டுகிறவர் இறங்கி வந்தார். அவருக்குப் பின்னால் மேடையின் ஓரமாக ஐந்து பேர் நிழலில் வரிசையாக நின்றார்கள், பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் மாதிரி.

"அண்ணே, ஏற முடியல" என்றார் ஓட்டுகிறவர்.

பாரத்தை ஒளித்து வைப்பது மோசடி என்று தராசு விதியை எடுத்துச் சொன்னார்.

"ஒளிக்கறது யாருண்ணே? அசல் வண்டில நாங்க இருந்தோம், இரும்பு இருந்துச்சு, வண்டி நேரா நின்னுச்சு. இங்க எங்களுக்கு இருக்கை போட்டீங்க, கண்ணாடி போட்டீங்க. எங்களத்தான் ஏத்தல. ஆறு பேரையும் இறக்கி விட்டுட்டு, வண்டி ஏன் நிக்கலன்னா?"

தராசு ஜன்னல் வழியாகப் பார்த்தார். அந்த ஆறு பேரும் தார்ப்பாய்க்குக் கீழே இல்லை, பட்டப்பகலில் நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் மூச்சைப் பிடிக்கவில்லை. அவருக்கு என்னவோ வெட்கமாகிவிட்டது. இருபத்தேழு வருடத்தில் ஆட்களை இறங்கச் சொல்லித்தான் பழக்கம். "ஏறுங்க" என்று சொல்ல வாயைத் திறந்தபோது ஒரு மணல் லாரி ஹாரன் அடித்தது.

மாலை வேலை முடிந்ததும், தாம் பிறந்தது முதல் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். எடைமேடையின் கருவிகளுக்குக் கம்பியோடு கட்டிப் பூட்டும் ஈய முத்திரைகளில் பழசாகிக் கழற்றிப் போட்டவை மேஜை இழுப்பறையில் கிடக்கும். அவற்றில் ஐந்தாறைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். குப்பைதான், ஆனாலும் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பை கனத்தது. எதிரே வந்த லாரிக்காரர் ஒருவர் வணக்கம் சொன்னபோது கையால் பையை மூடிக்கொண்டார்.

வீட்டில் கூடத்து விளக்கு எரிந்தது. தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு மேஜைமேல் குண்டுவீச்சு விமானம் மூன்று சக்கரங்களிலும் நின்றுகொண்டிருந்தது.

தராசு மேஜையைச் சுற்றி வந்தார். குனிந்து வாலின் கீழே பார்த்தார், முட்டு இல்லை. மனைவி தலை நிமிராமல் தைத்தார். அவ்வளவு கவனமாக ஒரு வங்கித் திரைச்சீலையும் தைக்கப்பட்டதில்லை. இவர் விமானத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். நூற்று நாற்பத்தாறு கிராம். காலையில் நூற்றுப் பதினெட்டு. இருபத்தெட்டு கிராம் சரக்கு அவருடைய சொந்த வீட்டில், அவர் இல்லாத நேரத்தில், ஏற்றப்பட்டிருக்கிறது. முன்சக்கரக் குழியின் விளிம்பில் துணி ஒட்டும் பசை ஒரு துளி மினுங்கியது. வழக்கு, சாட்சி, தடயம் எல்லாம் கையில் இருந்தன. அவர் விமானத்தைத் திரும்ப மேஜைமேல் வைத்துவிட்டு, சாப்பாடு ஆயிற்றா என்று கேட்டார்.

மறுநாள் எட்டேகாலுக்கு விசில் வந்தார், மடக்குக் கட்டிலோடு. காலணியைக்கூடக் கழற்றாமல் மேஜைக்கு எதிரே விறைப்பாக நின்று விமானத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தார். முழங்காலை மடக்கி, கண்ணை மேஜை மட்டத்துக்குக் கொண்டுவந்து, மூன்று சக்கரங்களையும் எண்ணினார். வாலுக்குக் கீழே ஒரு தாளை விட்டு இந்தப் பக்கம் நுழைத்து அந்தப் பக்கம் எடுத்தார். மேஜையை ஒரு தட்டு தட்டினார். நின்றது. முப்பத்தைந்து வருடத்தில் எந்த மாணவனும் அவர்முன் அப்படி நின்றதில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது, பாராட்டத்தான் வாயெடுத்தார். அதற்குள் கை பழக்கத்தில் விமானத்தைத் தூக்கிவிட்டது.

உள்ளே கடகடவென்று என்னவோ உருண்டது.

தையல் மெஷின் நின்றது.

விசில் விமானத்தைக் காதருகே வைத்து ஆட்டினார். மறுபடி உருண்டது. "மாப்பிள்ளை, உள்ள என்ன?"

கூடத்தில் மூன்று பேருக்கும் ஒரு விஷயம் தெரியும்: தராசு பொய் சொல்ல மாட்டார். வீட்டம்மாள் நூலைப் பல்லில் கடித்தபடி கணவரையே பார்த்தார். பின்னறை, பத்தொன்பது பெட்டிகள், காலை ஐந்தரை மணிகள் எல்லாம் அந்த வாயில் தொங்கின.

"ஆளுங்க, மச்சான்" என்றார் தராசு.

"ஆளுங்களா?"

"ஆறு பேர். அசல் வண்டில இருந்தாங்க, இதுலயும் ஏத்திருக்கு. முன்னாடி ஆள் இல்லாம வண்டி நிக்காது. எடை எழுதி வெச்சிருக்கேன், வேணும்னா பாருங்க."

விசில் கண்ணாடி மூக்குக்குள் எட்டிப் பார்த்தார். பெருவிரல் ரேகை ஒன்று குறுக்கே சுழன்றது. அதற்குப் பின்னால் மங்கலாக என்னவோ இருந்தது. ஆள் என்றாலும் ஆள்தான். வெகுநேரம் பார்த்தார். பிறகு விமானத்தை மெதுவாக, தூங்குகிற பிள்ளையை இறக்குவதுபோல, மேஜைமேல் இறக்கினார். மூக்கு ஒரு நூல் அளவு எழுந்தது. உள்ளே உருண்டது முன்னே வந்து சேர்ந்தது. மூக்கு தாழ்ந்து நின்றது.

"நிக்குது" என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர். கட்டிலைக் கூடத்தில் விரித்தார். இரண்டு நாளும் காலை ஐந்தரைக்கு விசில் ஊதினார், ஆனால் மேஜைப் பக்கம் திரும்பி, கொஞ்சம் மெதுவாக. செவ்வாய்க்கிழமை கிளம்பிப் போனார்.

அன்று மாலை தராசு எடைமேடையிலிருந்து ஒரு சீட்டைக் கொண்டுவந்தார். எந்திரத்துக்குப் பத்துக் கிலோவுக்குக் கீழே தெரியாது என்பதால் கையாலேயே எழுதியிருந்தார். மொத்த எடை 146 கிராம். வெற்று எடை 118 கிராம். நிகர எடை 28 கிராம். சரக்கு என்ற இடத்தில்: ஆட்கள், ஆறு. ஏற்றியவர் கையெழுத்து என்ற இடத்தைக் காலியாக விட்டு, பேனாவோடு சேர்த்துத் தையல் மெஷின்மேல் வைத்தார்.

மனைவி படித்தார். பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போடுவதற்கு முன்பு 'ஆறு' என்பதை அடித்தார்.

"ஏழுங்க. ஒரு துண்டு நாலு கிராம். ஏழு போட்டேன்."

"அதுல ஆறு பேருக்குத்தான் இடம்."

"ஆறும் நல்லா ஒட்டிக்கிச்சு. ஏழாவதுதான் எவ்வளவு பசை வெச்சாலும் ஒரு எடத்துல உக்கார மாட்டேன்னுது. உள்ளயே சுத்திக்கிட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு, அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டு, சீட்டை நீட்டினார்.

தராசு அதை வாங்கிப் பெட்டியின் மூடிக்குள் வைத்தார். பிறகு பின்னறைக்குப் போய் விமானத்தை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில், காதருகே வைத்து, ஒரே ஒரு தடவை, மெதுவாக ஆட்டிப் பார்த்தார்.